காலி வீட்டின் வயது

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டே கால் மணிக்கு ஏஜென்ட் ஆபீஸில் ஒரு பழுப்பு உறையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே மூன்று சாவி. பதினொரு வருட லண்டன் வாழ்க்கையில் ஆறு வாடகை வீடு மாறிய பிறகு கிடைத்த சாவி. மனைவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேராக வீட்டுக்குப் போனோம். பூட்டு திறந்துவிட்டது, கதவுதான் திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியபோது உள்ளே ஏதோ சரசரவென்று நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சாண் உயரத்துக்குத் தபால். பீட்சா கடை விளம்பரங்கள், மே மாத மேயர் தேர்தலுக்கும் ஜூலை பொதுத் தேர்தலுக்கும் வந்த நோட்டீஸ்கள், யார் யார் பெயருக்கோ வந்த உறைகள், நடுநடுவே கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், முத்திரை போட்ட வெள்ளைக் கடிதங்கள்.

எல்லாவற்றையும் அள்ளி ஒரு டெஸ்கோ பையில் போட்டு ஓரமாக வைத்தேன். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. நல்ல நாளாக இருக்கிறதே என்று கேம்பிங் அடுப்பைக் கொண்டுபோய்ப் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தது. குடி வந்தாயிற்று என்று அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன்.

கவுன்சில் கணக்கில் பால் காய்ச்சியது குடி வந்ததாகச் சேராது. அது எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது.

நாங்கள் உடனே குடி போகாததற்குக் காரணம் சமையலறைத் தரை. சர்வே ரிப்போர்ட்டில் "ஈரப்பதம் இருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. லண்டனில் எந்த வீட்டு ரிப்போர்ட்டில்தான் அந்த வரி இல்லை? தொட்டிக்குக் கீழே இருந்த பலகையை பில்டர் காலால் அழுத்தினார். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. மேல் வீட்டுக் குழாய் பல மாதமாகச் சொட்டியிருக்கிறது. கீழே ஆள் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். தரைச் சட்டங்கள் உட்பட எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும், ஆறு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். முடிய ஆறு மாதம் ஆனது. இன்ஷூரன்ஸ், மேல் வீட்டுக்காரர், ஃப்ரீஹோல்டர் (கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரர்) என்று மூன்று முனைச் சண்டை. அது தனிக் கதை.

அதுவரை இல்ஃபோர்டு வாடகை வீட்டிலேயே இருந்தோம். அங்கே வாடகை, இங்கே மார்ட்கேஜ். இரண்டு பக்கமும் மத்தளம் போல அடி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் கவுன்சில் டாக்ஸ் என்ற மூன்றாவது கை வந்தது.

பதினொரு வருடமாக நான் புரிந்துவைத்திருந்தது இதுதான்: கவுன்சில் டாக்ஸ் குடியிருப்பவர் கட்டுவது. குப்பை அள்ள, தெருவிளக்கு எரிய, வயதானவர்களைப் பராமரிக்க, நூலகம் நடத்த. வாடகைக்கு இருந்த ஆறு வீட்டிலும் வீட்டுக்காரரல்ல, நான்தான் கட்டினேன். ஆகவே குடியிருப்பவரே இல்லாத வீட்டுக்கு யாரும் கட்டத் தேவையில்லை என்று மனதுக்குள் ஒரு சமன்பாடு. அதில் இன்னொரு ஆளும் எண்ணெய் ஊற்றினார். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணை, 2006இல் ஹாரோவில் வீடு வாங்கியவர், ஆறுதலாகச் சொன்னார்: "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதையும். வீடு வெறுமையா இருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நான் கட்டேல்லை."

அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய காலத்தில் அது உண்மை. ஆளும் இல்லாமல் தட்டுமுட்டுச் சாமான்களும் இல்லாமல் கிடக்கும் வீட்டுக்கு முதல் ஆறு மாதம் வரிவிலக்கு இருந்தது. பெரிய ரிப்பேர் நடக்கும் வீடென்றால் பன்னிரண்டு மாதம். இங்கிலாந்தில் இந்த இரண்டு விலக்கும் 2013 ஏப்ரல் 1ஆம் தேதியோடு போய்விட்டன. அதற்குப் பதிலாக, எவ்வளவு தள்ளுபடி கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதை அந்தந்தக் கவுன்சிலே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முழுவதும் தள்ளலாம், பாதி தள்ளலாம், ஒன்றுமே தள்ளாமலும் இருக்கலாம். கையில் காசில்லாத கவுன்சில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கவுன்சில் கொடுப்பது பூஜ்ஜியம். வேல்ஸில் அந்த ஆறு மாத விலக்கு இன்னும் இருக்கிறது. ஒரே நாணயம், ஒரே ராஜா, ஆனால் செவர்ன் பாலத்தைத் தாண்டினால் காலி வீட்டுக்கு வேறு சட்டம்.

வீட்டு விஷயத்தில் இந்த ஊர்த் தமிழர்களிடம் கிடைக்கும் அறிவுரையில் பாதி இப்படித்தான், சொன்னவர் வாங்கிய வருடத்தில் சரியாக இருந்தது. அண்ணையைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்னதைச் சரிபார்க்காமல் கேட்டுக்கொண்டு வந்த என்னைச் சொல்கிறேன்.

யார் கட்ட வேண்டும் என்பதைச் சட்டம் ஒரு ஏணியாக வைத்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் ஆறாவது பிரிவு. மேல் படியில் அந்த வீட்டிலேயே வசிக்கும் உரிமையாளர். அவர் இல்லையென்றால் அங்கே வசிக்கும் வாடகைதாரர். அவரும் இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு வகையில் அங்கே வசிப்பவர். ஒருவருமே வசிக்கவில்லை என்றால் கடைசிப் படியில் உரிமையாளர் நிற்கிறார், எங்கே வசித்தாலும் சரி. நான் மேலிருந்து இரண்டாவது படியை மட்டும் பார்த்துவிட்டு, ஏணி அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

இதில் வாடகைக்காரர்களுக்கும் ஒரு முள் இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒப்பந்தம் போட்டு இருப்பவர், ஒப்பந்தம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டால், மிச்ச நாட்களுக்கு இந்தச் சட்டத்தின் கண்ணில் அவர்தான் 'உரிமையாளர்'. வீட்டுக்காரர் இல்லை. புது வீட்டுக்கு அவசரமாகப் போய்விட்டுப் பழைய வீட்டுக்கும் சேர்த்துக் கட்டுகிற ஆட்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

எந்த நாளிலிருந்து? கம்ப்ளீஷன் நாளிலிருந்து, அதாவது வீடு சட்டப்படி கைமாறும் நாளிலிருந்து. ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நாளல்ல, சாமான் இறக்கும் நாளும் அல்ல. ஒரு நாள் முடியும்போது என்ன நிலையோ அதுவே அந்த நாள் முழுவதும் இருந்ததாகக் கணக்கு. காலையில் விற்றவருடையதாக இருந்த வீடு மதியம் என்னுடையது ஆனதால், செப்டம்பர் 6 முழுவதும் என் தலையில்.

இதை அம்மாவிடம் புலம்பினேன். திருச்சியில் தாத்தாவின் பழைய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அதற்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொத்து வரி கட்டுகிறவர் அம்மா.

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்புறம் என்னடா? உன் வீட்டுக்கு நீ கட்டாம பக்கத்து வீட்டுக்காரனா கட்டுவான்?"

எனக்குப் பதில் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது இயல்பாகப் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே வரி சொத்தின் மேல், சொத்து உரிமையாளர் பெயரில். இங்கேயோ இந்த வரி பாதி சொத்து வரி, பாதி ஆள் வரி. அதற்குக் காரணம் அதன் பிறப்பு. தாட்சர் அரசு வீட்டு வரியை எடுத்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 1989, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990. மாளிகையில் இருப்பவரும் ஒற்றை அறையில் இருப்பவரும் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் அது கலவரமாகவே வெடித்தது. அந்த வருடக் கடைசிக்குள் தாட்சரும் பதவியில் இல்லை. 1993 ஏப்ரலில் அதன் இடத்தில் வந்ததுதான் கவுன்சில் டாக்ஸ். வீட்டு மதிப்புக்கு ஒரு கண், குடியிருப்பவருக்கு ஒரு கண். ஒருவர் மட்டும் வசித்தால் கால் பங்கு தள்ளுபடி என்பது அந்த இரண்டாவது கண்ணின் வேலை. சரி, ஒருவருக்கே கால் பங்கு தள்ளினால் பூஜ்ஜியம் பேருக்கு இன்னும் தள்ள வேண்டாமா என்று நான் கவுன்சிலில் போனில் கேட்டேன். எதிர்ப்பக்கம் இருந்த பெண்மணி சிரித்துவிட்டார். இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்களோ.

மதிப்பு என்றேன். அது இன்றைய மதிப்பு இல்லை. இங்கிலாந்தில் இன்னும் 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு எவ்வளவுக்குப் போயிருக்கும் என்பதுதான் கணக்கு. 2020இல் கட்டிய வீட்டுக்கும் 1991இல் என்ன விலை இருந்திருக்கும் என்று கற்பனை செய்து ஒரு பேண்ட் (விலைப் படிநிலை) கொடுக்கிறார்கள். நான் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கிய ஃப்ளாட், சி பேண்ட். அதாவது 1991 விலையில் 52,001இலிருந்து 68,000க்குள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் பகுதியில் சி பேண்டுக்கு 2024–25இல் வருடத்துக்கு 1,890 பவுண்டு. செப்டம்பர் கடைசியில் முதல் பில் வந்தது. செப்டம்பர் 6இலிருந்து மார்ச் 31 வரை 207 நாள், 1,071 பவுண்டு 86 பென்ஸ். ஒரு நாளைக்கு ஐந்து பவுண்டு சொச்சம். தரையில்லாத சமையலறைக்கு. புலம்பிவிட்டுத் தவணை போட்டேன். இல்ஃபோர்டு வீட்டுக்கும் கட்டிக்கொண்டிருந்தோம்.

நவம்பர் நடுவில் ஒரு மாலை, வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளை உறை. 'திருத்தப்பட்ட பில்'. தொகை 2,143 பவுண்டு 73 பென்ஸ். அச்சுப் பிழை என்று நினைத்தேன். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரு பென்னி வித்தியாசத்தில் இரட்டிப்பு. கீழே ஒரு வரி: நீண்ட காலம் காலியாக இருக்கும் வீட்டுக்கான பிரீமியம் (கூடுதல் வரி), 100 சதவீதம்.

நீண்ட காலமா? நான் வாங்கியே பத்து வாரம்தானே ஆகிறது?

மறுநாள் போன் செய்தேன். அதே பெண்மணியா என்று தெரியவில்லை, ஆனால் அதே பொறுமை. காலியாக இருக்கும் காலத்தை எண்ணும் கடிகாரம் வீட்டினுடையது, உங்களுடையது இல்லை என்றார். கைமாறினால் அது பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. எங்கள் பதிவின்படி இந்த வீடு 2023 பிப்ரவரி 14 முதல் காலி. ஒரு வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. முதல் பில் போடும்போது அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம், மன்னிக்கவும்.

இந்தப் பிரீமியத்துக்கும் ஒரு வளர்ச்சி உண்டு. 2013இல் தொடங்கியபோது இரண்டு வருடம் காலியாகக் கிடந்தால்தான், அதுவும் ஐம்பது சதவீதம் வரைதான். 2019இல் அது நூறானது. அடுத்த வருடம் ஐந்து வருடம் கிடந்தால் இருநூறு, அதற்கடுத்த வருடம் பத்து வருடம் கிடந்தால் முந்நூறு. அதாவது பத்து வருடம் பூட்டிக் கிடந்த வீட்டை இன்றைக்கு ஒருவர் ஆசையாக வாங்கினால் சாவி வாங்கிய நாளிலிருந்தே நான்கு பங்கு வரி கேட்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் அந்த முதல் படி இரண்டு வருடத்திலிருந்து ஒரு வருடமாக இறங்கியது. நான் வாங்கியது ஐந்து மாதம் கழித்து.

வீடு வாங்கும்போது அதன் லீஸில் எத்தனை வருடம் மிச்சம், கூரைக்கு என்ன வயது, பாய்லருக்கு என்ன வயது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். அது எத்தனை நாளாகக் காலி என்று கேட்கவில்லை. காலியாகக் கிடப்பதற்கும் ஒரு வயது உண்டு, அதுவும் விலையோடு சேர்ந்து கைமாறுகிறது என்று ஏஜென்ட் சொல்லவில்லை. சொலிசிட்டர் அனுப்பிய எண்பது பக்கத்தில் பேண்ட் இருந்தது, பக்கத்துத் தெருவில் பழைய சுரங்கம் இல்லை என்ற உத்தரவாதம் இருந்தது. இது இல்லை.

இடையில் இலவச யோசனைகள். ஒரு நண்பர், "ஒரு வாரம் பாய் விரிச்சுப் படுத்துக்கோ, குடி வந்தாச்சுன்னு எழுதிக் குடு" என்றார். அது நடக்காது. ஆறு வாரமோ அதற்குக் குறைவாகவோ யார் வந்து தங்கினாலும் கடிகாரம் அதைக் கண்டுகொள்ளாது, விட்ட இடத்திலிருந்து ஓடும். இன்னொருவர் சோபா, கட்டில், மேஜை வாங்கிப் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. பிரீமியம் என்பது ஆளில்லாத வீட்டுக்கு மட்டுமல்ல, ஆளும் இல்லாமல் அறைகலன்களும் ஏறக்குறைய இல்லாமல் இருக்கும் வீட்டுக்குத்தான். சாமான் இருந்தால் அது 'இரண்டாவது வீடு' என்ற பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டிக்கு அப்போது பிரீமியம் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து அதற்கும் நூறு சதவீதம் வரை போடலாம் என்று அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். எப்படியும் என்னால் சோபா போட முடியாது. போட்டால் சோபா மண்ணில் நிற்கும்.

அந்த மாதத் தவணையைக் கட்டாமல் தகராறு செய்யலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கட்டிவிட்டே தகராறு செய்தேன். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல், ஏழு நாளில் கட்டாவிட்டால் வருடத்துப் பாக்கி மொத்தமும் ஒரே மூச்சில் கேட்பார்கள், அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன், அதன் செலவும் நம் தலையில். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அந்த வண்டி அது பாட்டுக்கு ஓடும். கட்டிய பணம் திரும்பி வரும், சம்மன் செலவு வருவது கஷ்டம்.

திருப்பம் வந்தது குப்பைத் தொட்டி வழியாக. எங்கள் பில்டரின் ஆட்கள் பக்கத்து வீட்டுத் தொட்டியில் சிமெண்ட் மூட்டைகளைப் போட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த வீட்டில் ஜமைக்காவிலிருந்து சிறு வயதில் வந்த ஒரு பெரியவர், நாற்பது வருடமாக அங்கேதான். தொட்டியை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். வீட்டில் வெளிச்சம் பார்த்து ஒரு வருடம் ஆகிறது, பிள்ளைகள் சத்தம் இல்லாமல் தெருவே செத்துக் கிடந்தது என்றார்.

ஒரு வருடமா? எனக்குச் சுருக்கென்றது. கவுன்சில் கணக்கில் ஒன்றே முக்கால் வருடம் அல்லவா?

இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். பட்டாசு ராத்திரி அன்று அந்தக் குடும்பம் இங்கேதான் இருந்தது. நவம்பர் 5, கை ஃபாக்ஸ் நாள். சின்னப் பையன் மத்தாப்புக் கம்பியின் சூடான பக்கத்தைப் பிடித்துவிட்டான், நான்தான் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தேன். எந்த வருடம்? போன வருடம். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு ஐஸ் எடுத்துக்கொண்டு வந்தவன் நான் என்று காலைத் தட்டிக் காட்டினார். 2023. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் வேன் வந்து காலி செய்துகொண்டு போனார்கள்.

அன்று இரவு அந்த டெஸ்கோ பையைக் கொட்டினேன். பிறர் பெயருக்கு வந்த உறைகளைத் திறக்கவில்லை, திறப்பது தப்பு. ஆனால் உறைகளைப் பெயர் வாரியாக அடுக்கலாமே. ஒரே குடும்பப் பெயரில் பதினான்கு உறை. தபால் முத்திரை தெரிந்தவற்றில் மிகப் பழையதே 2023 டிசம்பர். அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் யாரோ குனிந்து எடுத்திருக்கிறார்கள்.

சாட்சி இது போதாது. பெரியவரின் முழங்காலை கவுன்சிலுக்கு அனுப்ப முடியாது. விற்றவருக்கு சொலிசிட்டர் மூலம் ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: கடைசி வாடகைதாரர் போன தேதிக்கு ஏதாவது தாள் இருக்கிறதா? விற்கும் வரை ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நாள் எடுத்துக்கொண்ட மனிதர். இதற்கு இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது, இணைப்போடு. ஏஜென்சி ஆள் எழுதிய செக்-அவுட் ரிப்போர்ட், 2023 நவம்பர் 8. ஒவ்வொரு அறையாகப் படம். சமையலறைப் படத்தில் என் தரை உறுதியாக இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு குழந்தை ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கரின் பாதி.

என்ன நடந்தது என்பதும் அந்த மின்னஞ்சலில் இருந்தது. பிப்ரவரியில் ஒரு வாடகைதாரர் போனபோது விற்றவர் கவுன்சிலுக்குத் தெரிவித்திருக்கிறார். அடுத்து வந்த குடும்பத்துக்கு வரியையும் சேர்த்தே வாடகை பேசியதால் பில்லைத் தன் பெயரிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆள் வந்ததைச் சொல்லவே இல்லை. கவுன்சில் பதிவேட்டில் வீடு பிப்ரவரியிலிருந்து காலி. அந்தக் குடும்பத்துக்கு இதனால் ஏதாவது வில்லங்கம் வருமோ என்று யோசித்தேன். வரி ஒரு நாள் விடாமல் கட்டப்பட்டிருந்தது. அனுப்பினேன்.

கவுன்சிலுக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். பிரீமியம் போட்டது தவறு என்று எழுதவில்லை, கடிகாரம் தொடங்கிய தேதி தவறு என்று எழுதினேன். ரிப்போர்ட்டை இணைத்தேன். அவர்கள் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லாவிட்டாலோ சொன்ன பதில் சரியில்லை என்றாலோ இந்த வரித் தகராறுகளைக் கேட்கும் வேல்யுவேஷன் டிரிப்யூனலுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. அதையும் கடைசி வரியில் மரியாதையாகக் குறிப்பிட்டேன். ஏழாவது வாரம் பதில் வந்தது. காலி தொடங்கிய நாள் 2023 நவம்பர் 8 என்று ஏற்றுக்கொள்கிறோம். ஆகவே பிரீமியம் 2024 நவம்பர் 8 முதல்தான்.

முழு வெற்றி இல்லை. 2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, தரை போட்டு முடித்துக் குடி போனோம். இரண்டாவது முறை பால் காய்ச்சினோம், இந்த முறை சொந்த அடுப்பில். செப்டம்பர் 6இலிருந்து அதுவரை 191 நாள். அதில் 63 நாளுக்குப் பிரீமியம் தள்ளுபடி, 326 பவுண்டு. மிச்சம் 128 நாளுக்கு இரட்டை வரி கட்டினேன், கூடுதலாக 662 பவுண்டு சொச்சம்.

அதற்குப் பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 1ஆம் தேதி, அண்ணை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். இன்றிலிருந்து பெரிய ரிப்பேர் நடக்கும் காலி வீட்டுக்குப் பன்னிரண்டு மாதம் வரை பிரீமியம் கிடையாது, விற்பனைக்கோ வாடகைக்கோ உண்மையாகவே முயற்சி நடக்கும் வீட்டுக்கும் அப்படியே. இந்த முறை அவர் சொன்னது அன்றைய தேதிக்குச் சரி. எனக்குத்தான் தேதி சரியில்லை.

இந்தப் பிரீமியமே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீடுகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அதே நேரம் குழந்தைகளோடு ஒற்றை ஹோட்டல் அறையில் மாதக்கணக்கில் கிடக்கும் குடும்பங்களை எங்கள் பகுதியிலேயே பார்க்கிறேன். பூட்டி வைப்பவர் கூடுதலாகக் கட்டட்டும். கைமாறும்போது கடிகாரத்தை நிறுத்தக் கூடாது என்பதும் புரிகிறது. நிறுத்தினால் கணவர் மனைவிக்கு விற்பார், மனைவி கம்பெனிக்கு விற்பார், வீடு பாட்டுக்குப் பூட்டியே கிடக்கும். ஆனால் குடியிருக்க வாங்கிய ஆளுக்கு ஒரு மூன்று மாதமாவது மூச்சு விட இடம் கொடுத்திருக்கலாம். இதே அரசுதான் இரண்டு வருடம் காலியாகக் கிடந்த வீட்டைப் புதுப்பித்தால் பில்டர் வேலைக்கு வாட் வரியை இருபதிலிருந்து ஐந்து சதவீதமாகக் குறைக்கிறது. என் வீடு இரட்டை வரிக்குப் போதுமான அளவு காலி, வாட் சலுகைக்குப் போதாத அளவு காலி.

வாங்கப் போகிறவர்கள் கேட்டால் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். வீட்டில் சாமான் இல்லாமல் எதிரொலி கேட்டால், எந்தத் தேதியிலிருந்து காலி என்பதை எழுத்தில் கேளுங்கள், விற்பவரின் கடைசி கவுன்சில் டாக்ஸ் பில்லின் நகலையும் கேளுங்கள். பிரீமியம் போட்டிருந்தால் அதிலேயே இருக்கும். அது பேரத்துக்கும் உதவும். நான் வாங்கும்போது ஒன்பதாயிரம் குறைத்துக் கேட்டேன், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். என் பேரம் பேசும் திறமை என்று மனைவியிடம் பல நாள் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு மணி நேரப் பதிலின் ரகசியம் மே மாதம்தான் தெரிந்தது. விற்றவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அவருக்கும் 2024 ஏப்ரல் 1 முதல் விற்ற நாள் வரை இரட்டை வரி போட்டிருக்கிறார்கள். தகராறு செய்ய நேரமில்லாமல் கட்டிவிட்டு, வீட்டைத் தள்ளிவிட்டால் போதும் என்று விற்றிருக்கிறார். நான் தேதியைத் திருத்த வைத்ததில், அவர் காலத்தில் ஒரு வருடம் ஆகவே இல்லை என்று ஆகிவிட்டது. 158 நாள், 818 பவுண்டு, முழுவதும் அவர் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டதாம். மிக்க நன்றி, புது வீட்டில் மகிழ்ச்சியாக இருங்கள் என்று எழுதியிருந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"முந்நூத்தி இருபத்தாறு."

"அவருக்கு எண்ணூத்திப் பதினெட்டு."

"ஆமா."

"பாதியாவது கேட்டு வாங்கினியாடா?"